ரயிலுக்கு முந்திய பஸ்

புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது 1929இல். திருச்சியிலிருந்து போட்ட மீட்டர் கேஜ் பாதை அந்த ஆண்டு புதுக்கோட்டையைத் தொட்டு, அடுத்த ஆண்டு மானாமதுரை வரை நீண்டது. மோட்டார் பஸ் அதற்கு வெகு காலம் முன்பே வந்துவிட்டது. திருக்குறுங்குடியில் பிறந்து, வக்கீல் தொழில், ரயில்வே வேலை, வங்கி வேலை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உதறிய டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் மதுரையில் தன் கம்பெனியைத் தொடங்கினார். அந்தக் கம்பெனியின் ஆரம்ப காலத் தடங்களில் ஒன்று தஞ்சாவூர்–புதுக்கோட்டை. ஆக, தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்து ஜனங்களுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக, சொந்த ஊரில் ஏறி உட்காரக் கிடைத்த ஒரே எஞ்சின் பஸ் எஞ்சின்தான்.

உலகத்தில் பெரும்பாலான இடங்களில் வரிசை வேறு. முதலில் ரயில், ஐம்பது அறுபது ஆண்டு கழித்து மோட்டார். அமெரிக்காவில் முதல் உலகப் போர் நேரத்தில் ரயில் பாதையின் நீளம் நான்கு லட்சம் கிலோமீட்டர். அங்கே மோட்டாருக்கு மிச்சமிருந்த வேலை, ஸ்டேஷனிலிருந்து பண்ணை வீடு வரையிலான கடைசிப் பத்து மைல். புதுக்கோட்டையில் அது செய்ய வேண்டியிருந்தது முழு வேலை.

குன்றாண்டார்கோவில் இந்தப் பழைய சமஸ்தானத்தின் வடக்குப் பகுதியில், கீரனூரிலிருந்து பிரிந்து செல்லும் சாலையில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயில் உள்ள ஊர். குன்றைக் குடைந்த கருவறைக்கு முன்னால், பிற்காலத்தில் விஜயநகர பாணியில் எழுப்பிய ஒரு மண்டபம் உண்டு. மண்டபமே தேர். இரு பக்கமும் சக்கரம், முன்னால் பாய்ந்து இழுக்கும் குதிரைகள், எல்லாம் கல். அந்தச் சிற்பிக்குத் தெரிந்த வேகத்தின் உச்சம் குதிரை. ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த வேகமோ மாடுதான். பாரம் ஏற்றிய கட்டை வண்டி மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் போகும். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். சாயங்காலம் வண்டியைக் கட்டி, ராத்திரி முழுக்க ஓட்டி, மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் காவிரிக் காற்று முகத்தில் படும். பஸ் இதை ஒரு காலைப் பொழுதுக்குள் அடக்கியது.

இந்த பஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அடிப்பகுதி பெரும்பாலும் அமெரிக்கா. ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ் என்று சேஸ் மட்டும் கப்பலில் வந்து இறங்கும். அதன் மேல் நம் தச்சர்கள் மரச்சட்டம் அடித்து, தகடு போர்த்திப் பாடி கட்டுவார்கள். இன்றைக்குக் கரூரில் நடக்கும் தொழிலின் மூதாதை அது. வண்டிகளில் பல கனடாவில் செய்தவை. சாம்ராஜ்யத்தின் பல நாடுகளில் கனடாச் சரக்குக்குச் சுங்கச் சலுகை இருந்தது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் ஸ்டியரிங்கும் வலப்பக்கம் வேண்டும். 1926இல் இந்தியாவில் தொடங்கிய ஃபோர்டு கம்பெனிகூட டெட்ராய்ட்டின் நேர்ப் பிள்ளை அல்ல, கனடா ஃபோர்டின் பிள்ளை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது.

ஒரே கம்பெனிகளின் சரக்குதான் அமெரிக்காவிலும் இங்கும் ஓடியது. அங்கே அது குடும்பச் சொத்தானது, இங்கே டிக்கெட் ஆனது. ஏன் என்பதைக் கணக்கே சொல்லிவிடும்.

ஃபோர்டின் டி மாடல் 1908 அக்டோபரில் வெளிவந்தபோது விலை சுமார் 850 டாலர். உழவர்களுக்கு ஏற்ற வண்டி. தரையிலிருந்து உயரமாக நிற்கும், இருபது குதிரைத் திறன், வனேடியம் கலந்த உருக்கு. பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில். பம்ப் கிடையாது, பெட்ரோல் தன் எடையால் எஞ்சினுக்கு வடிய வேண்டும். செங்குத்தான மேட்டில் மூக்கு மேலே தூக்கினால் வடியாது. அதனால் மலையேறும்போது வண்டியைத் திருப்பி ரிவர்சில் ஏற்றுவார்கள். பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அதில் பெல்ட் மாட்டி மரம் அறுத்தவர்களும் உண்டு. நம்மூரில் டிராக்டரில் பெல்ட் மாட்டிக் கதிரடிக்கும் மெஷினை ஓட்டிய புத்தியேதான்.

1913இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் வண்டி நகர, ஆள் நின்ற இடத்தில் நிற்கும் ஏற்பாடு வந்தது. சேஸ் ஒன்றைப் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது, சில மாதங்களில் ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கியது. இதற்கு அடிப்படை நகரும் பட்டை என்றுதான் எல்லாப் பாடப் புத்தகமும் சொல்லும். உண்மையில் அதற்கும் முந்திய ஒன்று இருக்கிறது: அளவு. எந்தப் பெட்டியிலிருந்து எந்த போல்ட்டை எடுத்தாலும் எந்த வண்டியிலும் அரம் படாமல் பொருந்த வேண்டும். ஒரு பாகத்தை ராவித் தேய்த்துச் சேர்க்க வேண்டியிருந்தால் பட்டை அந்த இடத்தில் நின்றுவிடும். அதே குணம்தான் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் மதுரையில் ஒரு மெக்கானிக்கைப் பிழைக்க வைத்தது. சாமான் டப்பாவில் வந்தது, போட்டால் பொருந்தியது.

ஆட்கள் அந்த வேலையில் நிற்கவில்லை. 1913இல் நூறு இடத்தை நிரப்பி வைக்க ஆண்டு முழுக்க 370 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் ஃபோர்டு நாளுக்கு 5 டாலர் கூலி அறிவித்ததன் காரணம் பெருந்தன்மையைவிட இதுதான் என்பது என் கட்சி. அந்தக் கூலிக்குத் தகுதியா என்று பார்க்கத் தொழிலாளியின் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் குடிக்கிறானா, சேமிக்கிறானா என்று விசாரித்த முதலாளி அவர்.

1915இல் வண்டி விலை 440 டாலர். 5 டாலர் கூலிக்காரருக்கு 88 நாள் சம்பளம். அன்று ஒரு டாலருக்கு மூன்று ரூபாய்க்குச் சற்று மேல். கப்பல் கூலி, சுங்கம் எதையும் சேர்க்காமலே 1,350 ரூபாய் ஆகிறது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கூலியாளுக்கு நாளுக்கு நாலணா என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு வேளைகூடச் சாப்பிடாமல், ஒரு நாள்கூட ஓயாமல் உழைத்தால் பதினைந்து ஆண்டு. ராயவரம், கோனாப்பட்டு, அரிமளம் என்று சமஸ்தானத்துக்குள் இருந்த செட்டிநாட்டு ஊர்களில் பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்த வீடுகளுக்குப் பிளசர் கார் சாத்தியம். மற்றவர்களுக்கு ஓர் இருக்கை சாத்தியம்.

வண்டி வந்தது போதாது, சாலையும் அதைத் தாங்க வேண்டும். இங்கேதான் அறிவியலில் சுவையான இடம் வருகிறது.

அன்றைய நல்ல சாலை என்றால் மெக்கடம் சாலை. உடைத்த கல்லை அடுக்கி, மேலே கப்பி மண் தூவி, தண்ணீர் தெளித்து உருளை ஓட்டுவார்கள். கற்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை அந்தத் தூள்தான். மாட்டு வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டா கல்லைக் கொஞ்சம் அரைக்கும். அரைத்த தூள் இடுக்கில் இறங்கும். மழை பெய்தால் இறுகும். வண்டி ஓட ஓடச் சாலை தேயும், தேய்ந்த தூளே அதை ஒட்டவும் வைக்கும். நூறாண்டு காலம் இந்த ஏற்பாடு நடந்தது.

ரப்பர் டயர் வந்ததும் கெட்டது. பலருக்கு இது புதிராக இருந்தது. இரும்பு கெடுக்காத சாலையை மெத்தென்ற ரப்பர் எப்படிக் கெடுக்கும்? மாட்டு வண்டியின் சக்கரம் இழுபடும் சக்கரம். மாடு முன்னால் இழுக்கிறது, சக்கரம் வெறுமனே உருண்டு தரையை அழுத்துகிறது. மோட்டாரின் பின்சக்கரம் உந்தும் சக்கரம். வண்டி முன்னே போக வேண்டுமென்றால் அது சாலையைப் பின்னே தள்ளியாக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மேல்தோலைப் பின்பக்கமாக உரிக்கிறது. கல்லை அரைக்காததால் புதுத்தூளும் பிறப்பதில்லை. மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டரில் பாயும் வண்டியின் அடியிலும் பின்னாலும் சுழலும் காற்று, கிளம்பிய தூளை அள்ளி வயலில் கொட்டுகிறது. பசை போனதும் கல் பெயர்கிறது. 1908இல் பாரிசில் கூடிய முதல் சர்வதேச சாலை மாநாட்டில் இதுவே பெரிய பேச்சு. அமெரிக்கச் சாலைத் துறை, வெவ்வேறு வேகங்களில் கார் ஓட்டிப் புழுதி கிளம்புவதைப் படம் பிடித்து ஆராய்ந்தது. முடிவு தார். தூள் செய்த ஒட்டும் வேலையைக் காற்றில் பறக்காத ஒன்றிடம் ஒப்படைத்தார்கள்.

அமெரிக்காவில் குதிரை வண்டி சீக்கிரமே ஒழிந்ததால் பிரச்சினை அதோடு தீர்ந்தது. நமக்கு இரட்டைத் தலைவலி. ஒரே சாலையில் ரப்பரும் ஓடும், இரும்பும் ஓடும். ஒரு டன் பாரத்தை இரண்டங்குல அகலப் பட்டாக்கள் இரண்டின் மேல் வைத்தால், வெயிலில் இளகிய தாரில் அது தடம் வெட்டிக்கொண்டு போகும். டயர் வண்டி பரவும் வரை நம் பொதுப்பணித் துறை எஞ்சினியர்கள் இந்த இரண்டு எதிரிகளுக்கும் சேர்த்தே சாலை போட்டார்கள்.

லாட ஆணி இன்னொரு தொல்லை. மாட்டுக் குளம்பிலிருந்து கழன்று விழும் ஆணி பஸ் டயரில் ஏறும். பஸ் போகுமுன் காந்தம் கட்டிய வண்டியை முன்னால் ஓட்டிச் சாலையில் கிடந்த ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் ஐயங்கார் என்று ஒரு கதை தலைமுறைகளாகச் சொல்லப்படுகிறது. அந்த பஸ் வருவதைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்தினார்கள் என்பதும் அதே வாய்வழி வரலாறு. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. டயர் பஞ்சரானால் நேரம் தவறும்.

நேரம் என்பதை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை. 1914, 15இல் அமெரிக்க நகரங்களில் கார் வைத்திருந்தவர்கள் ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு டிராம் பாதையிலேயே ஆள் ஏற்றினார்கள். ஜிட்னி என்று பெயர். லாஸ் ஏஞ்சல்சில் தொடங்கி நாடு முழுக்கக் காட்டுத்தீயாகப் பரவியது. டிராம் கம்பெனிகள் நகராட்சிகளை நெருக்கி, உரிமம், காப்பீடு என்று விதி மேல் விதி போட வைத்தன. சில ஆண்டுகளில் பெரும்பாலும் அடங்கிவிட்டது. அவர்களுக்கு அது பெரிய இழப்பாகப் படவில்லை, சொந்தக் கார் வாங்கிக்கொண்டார்கள். நம் பக்கம் போட்டி பஸ்கள் ஆள் நிறையும் வரை ஊர் முனையில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும் காலத்தில், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொன்ன நேரத்துக்குக் கிளம்பும் பஸ் புதுமை. கீரனூர் ரோட்டுக்கு எட்டு மணிக்கு வரும் என்று தெரிந்தால், பக்கத்துக் கிராமத்துக்காரர் ஆறு மணிக்கு நடையைக் கட்டலாம். கோர்ட், ஆஸ்பத்திரி, சந்தை எல்லாம் அந்த நிமிஷக் கணக்கில் வந்து சேர்ந்தன. வாங்க முடியாத வண்டியை நம்பிக் காரியம் திட்டமிட வைத்தது அட்டவணைதான்.

இருக்கை எல்லாருக்கும் இல்லை. பஸ் முதலாளிகள் பலர் தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்தார்கள். 1920களின் கடைசியில் புதுக்கோட்டைக்குத் தெற்கே ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். சென்னைப் பாண்டி பஜார் இவர் பெயரைத் தாங்கியது. இந்த உத்தரவில் கவனிக்க ஒன்று உண்டு. சொந்தக் காரில் யாரை ஏற்றுவது என்று எந்தப் போர்டும் கேட்க முடியாது. டிக்கெட் போடும் வண்டி லைசென்சில் ஓடுவது, அதனால் அதன் கதவு அரசின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அமெரிக்கத் தெற்கில் இது தலைகீழ். மாண்ட்கோமரியில் பஸ்ஸில் கறுப்பினத்தவரைப் பின்னால் உட்கார வைத்ததே சட்டம். 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள் அவர்கள் பஸ்ஸைப் புறக்கணித்தபோது, வேலைக்குப் போகக் கைகொடுத்தவை சொந்தக் கார்கள். முறை வைத்து ஆள் ஏற்றினார்கள்.

சாலைக்குப் பணம் தேடும் வழி மட்டும் இரண்டு நாட்டிலும் ஒன்றாகவே அமைந்தது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் 1919இல் முதன்முதலாகப் பெட்ரோல் மீது காலனுக்கு ஒரு சென்ட் வரி போட்டது. பத்தாண்டில் எல்லா மாநிலமும் போட்டுவிட்டன. இங்கே சாலைகளை ஆராய்ந்த ஜெயகர் கமிட்டி 1928இல் சொன்னதை ஏற்று, அடுத்த ஆண்டு காலனுக்கு இரண்டணா வீதம் சாலை நிதி சேர்க்கத் தொடங்கினார்கள்.

குதிரைக்கு வருவோம். 1915 வாக்கில் அமெரிக்காவில் குதிரை, கோவேறு கழுதை சேர்த்து இரண்டரைக் கோடி. விளைநிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவற்றின் தீவனத்துக்கே போனது. கார் சவாரியை எடுத்துக்கொண்டது, டிராக்டர் ஏரை எடுத்துக்கொண்டது. தீவனம் தேவைப்படாத நிலத்தில் மனிதருக்கான தானியம் விளைந்து குவிந்து, 1920களில் விலை சரிந்து உழவர்கள் நொடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். குன்றாண்டார்கோவில் வட்டாரத்தில் பஸ் வந்தபோது மாட்டுக்குப் போனது சவாரி மட்டும். ஏரும், கிணற்றில் நீர் இறைக்கும் கவலையும் அதனிடமே இருந்தன. கவலைக்கு வேலையில்லாமல் செய்தது பம்புசெட், ஏருக்கு டிராக்டர். இரண்டும் பல ஆண்டு தள்ளி வந்தன.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்ததும் பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்பு அடுப்பு ஏறியது. அதைக் கரி பஸ் என்று அழைத்த தலைமுறை இப்போது அருகிவிட்டது. அடுப்பில் மரக்கரியைப் போட்டுப் போதுமான காற்றை விடாமல் எரித்தால், முழுதாக எரியாத கார்பன் மோனாக்சைடு கிளம்பும். அதுவே எரிபொருள். வடிகட்டிக் குளிரவைத்து எஞ்சினுக்குள் விட்டால் வெடிக்கும், ஆனால் சோம்பலாக. காரணம், உள்ளே போகும் வாயுவில் பாதி எதற்கும் உதவாத நைட்ரஜன். வண்டியின் பலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். விடியுமுன் கிளீனர் துருத்தியைச் சுற்றிச் சுற்றிக் கனலை ஏற்ற வேண்டும், மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். அந்த கேஸ் பிளாண்டுகளையும் சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ். கம்பெனி தானே செய்து விற்றது.

1972இல் பெரிய தனியார் பஸ் கம்பெனிகள் அரசுடைமையாயின. டி.வி.எஸ். தடங்கள் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயின. கும்பகோணத்தில் சோழன் பிறந்தது. பஸ்ஸை இழந்த அதே குடும்பம் எட்டு ஆண்டு கழித்து, 1980இல், ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட்டை வெளியிட்டது. இருவர் உட்காரலாம், பின்னால் புல்லுக்கட்டு கட்டலாம், கிக்கர் உதைக்க வலுவில்லாதவர் பெடலை மிதித்துக் கிளப்பலாம். இந்த நாட்டுக்கு டி மாடல் எது என்று யாராவது கேட்டால், எந்தக் காரையும் நான் காட்ட மாட்டேன்.

மொபெட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் புதுக்கோட்டைக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. 1991இல் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்தில் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் குவாரியில் உடைக்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் எல்லாம் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பாருள்ள ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். 1992 மகளிர் தினத்தையொட்டி ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் ஊர்வலம் வந்தார்கள். அமெரிக்காவிலும் நல்ல சாலை கேட்டு முதலில் இயக்கம் நடத்தியவர்கள் 1880களின் சைக்கிள்காரர்கள்தான்; ஃபோர்டு 1896இல் செய்த முதல் வண்டி ஓடியது சைக்கிள் சக்கரத்தில். ஆண் துணையில்லாமல், பஸ் நேரத்துக்குக் காத்திராமல் சந்தைக்குப் போய் வருவது என்ற சுதந்திரத்தை அங்கே கார் தந்தது என்றால், இங்கே தந்தது எஞ்சினே இல்லாத வண்டி.

சாலையையே கூட நாம் முழுசாக வாகனத்துக்கு எழுதிக்கொடுக்கவில்லை. 1920களில் மட்டும் அமெரிக்காவில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் வாகன விபத்தில் இறந்தார்கள். முதலில் ஊர் காரைத்தான் திட்டியது. மோட்டார் தரப்பின் பிரசாரத்தில், குறுக்கே நடக்கிறவன்தான் குற்றவாளி என்று பேச்சு மாறியது. புதுக்கோட்டைக் கிராமச் சாலைகளில் அறுவடை முடிந்ததும் இன்றும் கொள்ளையும் உளுந்தையும் செடியோடு பரப்பிப் போட்டுவிடுகிறார்கள்; போகிற வண்டிகள் ஏறி ஏறி அடித்துக் கொடுக்கும். இரு சக்கர வாகனம் சறுக்கும் ஆபத்து நிச்சயம் உண்டு, நான் அதை மெச்சவில்லை. ஆனால் களத்துக்கு இடமில்லாத குறுவிவசாயிக்கு அந்தத் தார்ச்சாலை பொதுக் களம்.

2021இலிருந்து சாதாரண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதே ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு இரு சக்கர வாகனமும் பெருகிவிட்டது. மொபெட் வாங்கியவர் லிட்டருக்கு லிட்டர் வரி கட்டிப் போகிறார். அவர் விட்டுப்போன பஸ்ஸில் ஓர் இருக்கை காலி. கிளைச் சாலைகளில் காலி இருக்கைகள் சேர்ந்தால் டிரிப்பைக் கட் பண்ணுவார்கள். ஓரத்துக் கிராமங்களுக்கென்று 1997இல் கொண்டுவந்த மினி பஸ்ஸும் வசூலை நம்பி ஓடுவதுதான். அமெரிக்கச் சிற்றூர்களை இணைத்த மின்சார டிராம் பாதைகள் 1930களில் ஒவ்வொன்றாக மூடப்பட்டது இப்படித்தான். கார் இல்லாதவர்களுக்கு அதன்பின் பக்கத்து ஊர்கூட அயலூர். குன்றாண்டார்கோவில் சாலையில் ஒரு டிரிப் நின்றால் இளைஞருக்கு ஒன்றுமில்லை, சாவியைத் திருகினால் கீரனூர் கால் மணி நேரம். மொபெட் ஓட்டத் தெரியாத மூதாட்டிக்கு அது மறுபடியும் கட்டை வண்டிக் காலத்துத் தூரம். இப்போது கட்டை வண்டியும் கிடையாது.